காலடியில் ஓர் அமானிதம்

மனிதன் எழுப்பும் வீட்டில் மிகுதியாகப் பயன்படுவதும் குறைவாக எண்ணிப் பார்க்கப்படுவதும் தரையே ஆகும். வீடு காண வருவோர் முகப்பைப் போற்றுவர். தேக்குமரக் கதவைத் தடவிப் பார்ப்பர். சுவரின் வண்ணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கூறுவர். தரையை நோக்கினால் அதன் பளபளப்பை மட்டுமே நோக்குவர். ஆனால் குழந்தை தவழக் கற்பது அதன் மீதுதான். முதுமையுற்ற தாய் சுவரைப் பற்றியபடி அடிமேல் அடி வைத்து நடப்பதும் அதன் மீதுதான். விருந்தினருக்கு ஸஹன் வைப்பதும், தொழுகைக்கு முஸல்லா விரிப்பதும், வீட்டார் ஒருவர் இவ்வுலகைத் துறந்தால் அவரை இறுதியாகக் கிடத்துவதும் அங்கேதான். இத்தகைய தரையைப் புதுப்பிக்க முற்படும் ஒருவர், அதிலும் முதன்முறையாகத் தம் கைகளாலேயே அதைச் செய்ய முற்படும் ஒருவர், தாம் அறியாமலேயே ஒரு பழைய கேள்வியின் முன் வந்து நிற்கிறார். காணப்படப் போகாத வேலையை ஏன் செவ்வையாகச் செய்ய வேண்டும் என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியை நூல்களில் தேடுமுன் தரையிலேயே தேடுவது நல்லது. ஏனெனில் தரை வேலையில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததே பெரிது. நாம் இறுதியில் காண்பது எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் கனமுள்ள ஓடுகளின் மேல்முகத்தை மட்டுமே. அதன் கீழே கலவை இருக்கிறது; கலவையின் கீழே பழைய தளம் இருக்கிறது; தளத்தின் கீழே மண்ணோ, மாடி வீடாயின் இன்னொருவரின் கூரையோ இருக்கிறது. மேல்முகத்தின் ஆயுளை நிர்ணயிப்பவை இவை யாவும்.

சிவப்பு ஆக்சைடு பூசிய பழைய சிமெண்டுத் தரை ஒன்றை எடுத்துக் கொள்வோம். தமிழகத்தின் சிற்றூர்களில் நம் முந்திய தலைமுறையினர் வாழ்ந்த வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது அதுவே. அதன் மீது புதிய ஓடுகளைப் பதிக்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது அதைத் தட்டிக் கேட்பது. உறுதியான இடம் கனத்த ஓசை தரும்; அடியில் விட்டுப் போன இடம் பானையைத் தட்டியது போல் பொள்ளென ஒலிக்கும். அவ்விடங்களைப் பெயர்த்தெடுத்து நிரப்ப வேண்டும். மெருகேறிய பரப்பை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். எண்ணெய்ப் பசையையும் தூசியையும் கழுவி நீக்க வேண்டும். இல்லையேல் புதிய கலவை பழைய தளத்தைப் பற்றாது. அதன் மேல் படிந்திருக்குமே தவிர, அதனோடு ஒன்றாகாது.

அடுத்து ஈரம். ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பார்த்தால், மண்ணிலிருந்து ஈரம் ஏறும் தரையில் தாளின் அடிப்புறம் வியர்த்து நிற்கும். அப்படியாயின் ஈரத்தின் காரணத்தைக் கண்டு நீக்காமல் மேலே போகலாகாது. பின்னர் மட்டம். நீர் நிரப்பிய நீண்ட குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்ற எளிய விதியைக் கொண்டு கொத்தனார்கள் அறையின் நான்கு மூலைகளையும் அளந்து விடுகின்றனர். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான மட்டப்பலகையைத் தரையில் எங்கு வைத்தாலும் அதன் அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இராமல் இருப்பது நல்ல தளத்தின் இலக்கணம். குளியலறையிலோ மட்டத்திற்கு நேர்மாறான கவனம் வேண்டும். அங்கே ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நீர்ப்போக்கி நோக்கிச் சரிவு அமைய வேண்டும். ஓடு பதிக்குமுன் நீர்க்காப்புப் பூச்சிட்டு, வாயிலை அடைத்து, ஒரு நாளாவது நீரைத் தேக்கிக் கீழே கசிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

அறையின் மூலைகள் செங்கோணமாக உள்ளனவா என்றறிய ஒரு சுவரில் மூன்றடியும் அடுத்த சுவரில் நான்கடியும் அளந்து குறியிட்டால், இரு குறிகளுக்கும் இடையே ஐந்தடி வர வேண்டும். பழைய வீடுகளில் இது பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே சுவரை நம்பாமல் அறையின் நடுவில் நூல் பிடித்து, ஓடுகளைக் கலவையின்றி அடுக்கிப் பார்த்து, எந்த ஓரத்தில் எவ்வளவு வெட்ட வேண்டி வரும் என்று முன்னதாகவே கணக்கிட வேண்டும். வெட்டும்போது நீர் விட்டு வெட்டுவதும் கடமையே. உலர வெட்டினால் எழும் சிலிக்காத் தூசி வெட்டுபவரின் நுரையீரலில் தங்கி ஆறாத நோயை உண்டாக்க வல்லது.

இத்தனை ஆயத்தத்திற்கும் பிறகே ஓடு பதிக்கும் வேலை தொடங்குகிறது. இங்கே ஓட்டின் இயல்பையும் அறிய வேண்டியுள்ளது. பழைய பீங்கான் ஓடுகள் நீரை உறிஞ்சும். ஆதலால் அவற்றை நீரில் ஊறவைத்துச் சிமெண்டுப் பாலின் மீது பதித்தனர். இன்று பெருவழக்காகிவிட்ட விட்ரிஃபைடு ஓடுகள் தம் எடையில் 0.5 விழுக்காட்டிற்கு மேல் நீர் உறிஞ்சுவதில்லை. உறிஞ்சாத பொருளின் நுண்துளைகளில் சிமெண்டு வேரூன்ற இயலாது. அதற்கென அமைந்த ஒட்டுக்கலவை தேவை. அக்கலவையைப் பல் வைத்த கரணையால் ஒரே திசையில் வரிவரியாகப் பரப்பி, ஓட்டை அழுத்தி அசைத்துப் பதித்தால் வரிகள் சரிந்து இடைவெளி நிரம்பும். அமெரிக்கத் தரவிதி, உலர்ந்த அறைகளில் ஓட்டின் அடிப்பரப்பில் குறைந்தது 80 விழுக்காடும், நீர் புழங்கும் இடங்களில் 95 விழுக்காடும் கலவையைத் தொட்டிருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் இதற்கொரு குறுக்கு வழி உண்டு. ஓட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து உருண்டைக் கலவையை வைத்து அழுத்திவிட்டால் போதும். வேலை விரைந்து முடியும், கலவை மிச்சப்படும், தளம் மேடு பள்ளமாயிருப்பினும் மேல்முகம் மட்டமாகத் தோன்றும். அன்று மாலை அறைக்குள் நுழைபவர் செவ்வையாகப் பதித்த தரைக்கும் இதற்கும் வேறுபாடு காண மாட்டார். உருண்டைகளுக்கு நடுவே காற்று மட்டுமே இருக்கிறது என்பது பதித்தவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும்.

இங்கேதான் நம் கேள்வி உயிர் பெறுகிறது.

அனுபவசாலிகள் தரும் முதல் விடை விவேகத்தின் விடை. மறைத்த குறை மறைந்தே இராது என்பர் அவர்கள். பொள்ளல் உள்ள ஓட்டின் மீது அரிசி மூட்டையோ இரும்புக் கட்டிலின் காலோ அழுந்தும் நாளில் அது விரிசல் விடும். குளியலறையில் பொள்ளலுக்குள் நீர் தங்கி நாற்றமெடுக்கும். மூன்று நாள் பொறுமையின்மைக்கு மூன்று ஆண்டுகளில் இருமடங்கு விலை கொடுக்க நேரும். இவ்விடை உண்மையானதே. ஆனால் முழுமையானதன்று. பொள்ளல் உள்ள ஓடுகள் எல்லாம் உடைந்துவிடுவதில்லை. அலமாரிக்கு அடியில், யாரும் மிதிக்காத மூலையில், அவை வீடு இடிக்கப்படும் வரை உடையாமலேயே கிடக்கலாம். உடைந்தாலும் அதற்குள் வீடு கைமாறி, இழப்பு வேறொருவருடையதாகியிருக்கலாம். நன்மைக்குக் காரணம் நமக்கு வரும் இலாபம் ஒன்றே எனில், இலாபமில்லாத இடத்தில் நன்மையும் முடிந்துவிடும். விவேகம் நம்மை ஓடு உடையும் இடம் வரை அழைத்துச் செல்கிறது. உடையாத ஓட்டைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது விடை பிறர் உரிமையிலிருந்து பிறக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது, அதனுள் தம் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. தானியம் நனைந்தது வணிகரின் குற்றமன்று. மழை இறைவனின் செயல். உலர்ந்ததை மேலே பரப்பியதே குற்றம். பொருளின் குறை ஒரு விபத்து. குறையின் மீது போர்த்தப்பட்ட அழகே மோசடி.

தரைக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நாம் தேட வேண்டியதில்லை. கையை உள்ளே விட்டுப் பார்க்க இயலாதபடி மூடப்பட்ட குவியலே ஒவ்வொரு தரையும். மாடி வீட்டுக் குளியலறையில் நீர்க்காப்பைச் சோதிக்காமல் ஓடு பதிப்பவர், தம் தரையை அழகாக்கிக் கொண்டு, அண்டை வீட்டாரின் கூரையை நனைக்கிறார். சரிவு சரியாக அமையாத தரையில் தேங்கும் நீரில் வழுக்கி விழுபவர் பெரும்பாலும் ஓடு பதித்தவர் அல்லர். இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் எழுந்து நடப்பது அரிதாகிவிட்ட வயதுடைய தாயோ தந்தையோ ஆவார். பளபளப்பை மட்டுமே விரும்பி, நனைந்தால் கண்ணாடியாகும் ஓட்டைக் குளியலறைக்குத் தேர்ந்தெடுப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. வீட்டை விற்கும் எண்ணத்தோடு, விரிசல் கண்ட தரையின் மேல் புதிய ஓடுகளை அவசரமாகப் பரப்பி விலை கூட்டுவதோ தானிய வணிகரின் செயலிலிருந்து இம்மியும் வேறுபட்டதன்று.

இருப்பினும் இவ்விடைக்கும் ஓர் எல்லை உண்டு. யாருக்குமே தீங்கு நேராத குறை இருக்கிறதே, அதை என்ன செய்வது? கீழே வேறு குடியில்லை. வீட்டை விற்கும் எண்ணமில்லை. அலமாரிக்கு அடியில் யாரும் நடக்கப் போவதில்லை. அங்கேயும் கலவையை நிறையப் பரப்ப வேண்டுமா?

இதற்கு விடை ஒரு கப்றின் ஓரத்தில் கிடைக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பச்சிளம் மைந்தர் இப்றாஹீமை நல்லடக்கம் செய்தபோது, கப்றில் ஓர் இடைவெளி இருப்பதைக் கண்டு அதை அடைக்கச் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் இப்னு ஸஃது குறிப்பிடுகிறார். அது இறந்தவருக்குத் தீங்கோ நன்மையோ செய்யாது என்பதையும், எனினும் ஓர் அடியான் ஒரு வேலையைச் செய்யும்போது அதைத் திருத்தமாகச் செய்வதையே இறைவன் விரும்புகிறான் என்பதையும் அப்போது அவர்கள் உணர்த்தினார்கள். பெற்ற மகனை மண்ணுக்குள் வைக்கும் துயர வேளை அது. சில நொடிகளில் மண் மூடிவிடப் போகும் இடம் அது. பயன் ஏதுமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்ட வேலை அது. ஆயினும் இடைவெளி அடைக்கப்பட்டது. இதைவிட மறைவான வேலை உலகில் வேறெது?

வேலைக்கும் அதைச் செய்பவனுக்கும் இடையே உள்ள உறவு, வேலைக்கும் அதன் பயனுக்கும் இடையே உள்ள உறவைவிட நெருக்கமானது என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது. அலமாரிக்கு அடியில் விடப்பட்ட பொள்ளல் தரையைக் கெடுக்காமற் போகலாம். பதித்தவனின் கையைக் கெடுத்துவிடும். காணப்படாத இடத்தில் ஒன்று, காணப்படும் இடத்தில் ஒன்று எனக் கை இரண்டு முறைகளைப் பழகிவிட்டால், நாளடைவில் எது எந்த இடம் என்று அது பகுத்தறிவதில்லை. வணக்கத்தில் நாம் இறைவனைக் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கிறான் என்ற உணர்வை இஹ்ஸான் என்கிறோம். அவ்வுணர்வு பள்ளிவாசலின் படியிறங்கியதும் முடிந்துவிடுமாயின் அது பழக்கமேயன்றி உணர்வன்று.

பழைய கைவினைஞர் இதனை நன்கு அறிந்திருந்தனர். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் தரைக்கற்கள் செய்யப்படும் முறையைக் கண்டவர்கள் அறிவர். கண்ணாடிப் பலகையின் மீது அச்சை வைத்து, முதலில் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன் பின்புறமாக மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புகின்றனர். கல்லின் முகம் கண்ணாடியை நோக்கிக் கவிழ்ந்தே இருக்கும். மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரில் ஜெல்லீஜ் என்னும் வண்ண ஓட்டுச் சித்திரங்களை அமைப்போரும், உளியால் செதுக்கிய சிறு துண்டுகளை முகங்கவிழ அடுக்கிப் பின்புறத்தில் சாந்து வார்க்கின்றனர். ஆயிரக்கணக்கான துண்டுகளையும் அடுக்கி முடிக்கும் வரை வினைஞர் காண்பது வண்ணமற்ற முதுகுப் புறத்தை மட்டுமே. அழகு முழுவதும் முகத்தில் இருக்க, உழைப்பு முழுவதும் முதுகில் நடைபெறுகிறது.

இனி, இவ்வேலையை முதன்முறையாகச் செய்பவரின் தனி நிலையைச் சிறிது ஆராய்வோம். கொத்தனாரை அமர்த்தி வேலை வாங்குபவருக்குக் குறை கூற ஒருவர் இருக்கிறார். தாமே செய்பவருக்கு அவ்வசதி இல்லை. வேலைக்காரரும் அவரே, மேற்பார்ப்பவரும் அவரே, கூலியும் இழப்பும் அவருடையனவே. முதுகு வலிக்கும் மூன்றாம் நாள் மாலையில், இது போதும் என்று சொல்லும் குரலும் அவருக்குள்ளிருந்தே எழுகிறது. போதுமா என்று கேட்கும் குரலும் அவருக்குள்ளிருந்தே எழுகிறது. தன்னைத் தானே கணக்குப் பார்த்துக் கொள்ளும் முஹாஸபா என்னும் பயிற்சியை ஞானிகள் வலியுறுத்தினர். பதித்த ஓட்டில் ஒன்றைக் கலவை இறுகுமுன் பெயர்த்தெடுத்துத் திருப்பிப் பார்ப்பது அப்பயிற்சியின் ஒரு வடிவமே. அடிப்புறம் நிறைந்திருந்தால் முறை சரி. இல்லையேல் தொடருமுன் திருத்திக் கொள்ளலாம்.

அவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. அறியாததை அறிந்தவரிடம் கேட்க வேண்டும். மதீனாவில் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது யமாமாவிலிருந்து வந்திருந்த தல்க் இப்னு அலீ (ரலி) அவர்கள் மண் குழைப்பதில் தேர்ந்தவராயிருந்தார்கள். அவ்வேலையை அவரிடமே விடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அருமைத் தோழர்கள் பலர் ஆர்வத்தோடு சூழ்ந்து நின்ற வேளையில், ஆர்வத்திற்கு மேலாகக் கைத்திறனுக்கு அங்கே இடம் தரப்பட்டது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்று நம் மார்க்கம் விதித்திருப்பதும் இவ்வகையில் எண்ணத்தக்கது. தம் வரவேற்பறையில் ஒருவர் பழகிப் பார்க்கலாம். கெட்டால் கெடுவது அவர் பொருள். பிறர் தலைக்கு மேலுள்ள குளியலறையில் பழகிப் பார்க்க அவருக்கு உரிமையில்லை. அங்கே தேர்ந்த கொத்தனாரை அழைப்பது தோல்வியன்று. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பதாகும். அவ்வாறு அழைத்தால் அவருடைய வியர்வை உலருமுன் கூலியையும் கொடுத்துவிட வேண்டும். குறைந்த கூலிக்குப் பேரம் பேசி, மூன்று நாள் வேலையை ஒரு நாளில் முடிக்கச் சொல்பவர், ஐந்து உருண்டைக் கலவைக்குத் தாமும் பங்காளியாகிறார்.

திருத்தமாகச் செய்வதைப் பற்றி இவ்வளவு கூறிய பின், அதன் மறுபுற ஆபத்தையும் கூறாமல் விடலாகாது. சிலருக்குத் திருத்தம் என்பது தீராத ஐயமாக, வஸ்வாஸாக மாறிவிடுகிறது. வண்ணத்தில் நூலளவு வேறுபாடு கண்டு நல்ல ஓட்டை உடைப்பர். உறுதியான பழைய தரையை, அண்டை வீட்டார் புதிதாகப் போட்டுவிட்டார் என்ற ஒரே காரணத்திற்காகப் பெயர்த்தெறிவர். அரை நூற்றாண்டு மிதிபட்டும் குளிர்ச்சி குன்றாத தரைகள் இவ்வாறு நம் ஊர்களில் குப்பையாகிப் போயின. இதைத் திருத்தம் என்று அழைப்பது தவறு, இது வீண்விரயம்.

மஸ்ஜிதுந் நபவியின் முதல் தரை வெறும் மண். ஒரு மழை இரவில் அது சேறானபோது, தோழர் ஒருவர் தம் ஆடையில் கூழாங்கற்களை அள்ளி வந்து தம் இடத்தில் பரப்பிக் கொண்டார் என்றும், பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு பாராட்டினார்கள் என்றும் அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உள்ளது. ரமளானின் ஓர் இரவில் பேரீச்ச ஓலைக் கூரை ஒழுகி, தொழுகை முடிந்தபோது அவர்களின் திருநெற்றியில் ஈரமும் களிமண்ணும் படிந்திருந்ததைத் தோழர்கள் கண்டிருக்கின்றனர். தரையின் மாண்பு அதன் விலையில் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

ஆகவே கண்டிப்பு எங்கே, தாராளம் எங்கே என்பதைப் பிரித்தறிவதே இவ்வேலையின் அறம் என்று நமக்குத் தோன்றுகிறது. உறுதி, சரிவு, நீர்க்காப்பு, வழுக்காமை ஆகியவை பிறர் உரிமையைத் தொடுபவை; இவற்றில் ஒரு மில்லிமீட்டரும் விட்டுக் கொடுக்கலாகாது. அலமாரிக்கு அடியில் கலவையை நிரப்புவது நம் கையின் நேர்மையைத் தொடுவது. அதற்கு ஆகும் செலவு கப்றின் இடைவெளியை அடைத்த ஒரு பிடி மண்ணுக்கு ஒப்பானது. அதையும் செய்துவிட வேண்டும். வண்ணமும் பளபளப்பும் நம் ஆசையைத் தொடுபவை. அவற்றில் இருப்பது போதும் என்று நின்றுவிடலாம். நாமோ பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறோம். வண்ணத்திற்காகப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம்; சிமெண்டுப் பூச்சை நீர் விட்டு ஆற்ற ஏழு நாள் பொறுக்க மறுக்கிறோம். சிமெண்டுக் கலவையோ 28 நாள் வரை உறுதியேறிக் கொண்டே இருக்கும் இயல்புடையது. நம் அவசரத்திற்காக அது தன் இயல்பை மாற்றிக் கொள்வதில்லை.

வேலை முடிந்து, இணைப்புகளில் சாந்து பூசி, தரையைக் கழுவிய பின் ஒரு தொழுகை நேரம் வரும். முஸல்லாவை விரித்து ஸஜ்தாவில் நெற்றியை வைக்கும்போது, நெற்றிக்கும் மண்ணுக்கும் இடையே இருப்பது அவர் கைகளால் செய்யப்பட்ட அந்த மறைவான அடுக்குகள்தாம். அவற்றில் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர் அங்கே அவர் ஒருவரே. அந்த அறிவு ஸஜ்தாவில் அவருக்கு அமைதி தருமாயின், தரை நன்றாக அமைந்தது என்று கொள்ளலாம்.